ரேடியோவை அணை, சித்வாலா

பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கு நடந்த பயிற்சியின் கடைசி நாளன்று எங்கள் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். 'இணையவழியில் பாடம் நடத்தியதில் நீங்கள் கற்றுக்கொண்டது என்ன? இருநூறு சொற்களுக்கு மிகாமல் எழுதவும்.' பதினாறு வாரம் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசியவளிடம் கேட்கிற கேள்வியா இது? களைப்பு என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு எழுந்து போயிருப்பேன். சான்றிதழ் இல்லாமல் பதவி உயர்வு இல்லை என்பதால் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வேறு போய்விட்டது.

பக்கத்தில் இயற்பியல் துறை ஹாமூங்கா கழுத்தை நீட்டினார்.

"சியாம்விசா, நீ எழுதினதைக் குடு. நாலு வார்த்தையை மாத்திக்கிறேன்."

"பசங்க அப்படிப் பண்ணா பூஜ்யம் போடுறீங்களே?"

"பசங்களுக்குக் கண்ணு தெரியுது. எனக்குத் தெரியலை. குடும்மா."

அப்போதுதான் சித்வாலாவின் செய்தி வந்தது. மேற்கே வெள்ளச் சமவெளியில் இருக்கிற மோங்கு ஊருக்குப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர். நாற்பது வயதில் பட்டம் வாங்கப் படிக்கிறார். ஜனவரியில் அவரும் அவர் வகுப்பினரும் இரண்டு வாரம் எங்கள் வளாகத்தில் தங்கிப் படித்தார்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் இணையத்தில் வகுப்பு.

'மேடம், பரீட்சைப் பட்டியல்ல என் பேர் மட்டும்தான் இருக்கு. மத்த ஆறு பேர் எங்கே? நாங்க ஏழு பேரும் ஒரே போன்லதானே பாத்தோம்?'

திங்கட்கிழமை அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். யார் எத்தனை முறை உள்ளே வந்தார்கள் என்று கணினி எண்ணிக் கொடுக்கும். பாதி வகுப்புக்குக்கூட வராதவர்களுக்குப் பரீட்சை கிடையாது. அந்த ஆறு பேருக்கு நேராகச் சுத்தமாகப் பூஜ்யம் இருந்தது. ஏன் என்று ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. சோம்பேறிகள் என்று முணுமுணுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

வெளியே ஓடிப்போய் சித்வாலாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்ப்பா, முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே மேடம். இங்கே என் போன்ல மட்டும்தான் சிக்னல் நிக்கும். ஸ்கூல்ல ஒரு புத்தகத்தை ஏழு பிள்ளைங்க சுத்தி உக்காந்து படிக்கறதில்லையா? அப்படித்தான் உக்காந்தோம்."

நானும் அப்படிப் படித்தவள்தான். மறந்து போயிருந்தது.

டீன் கசொன்டே நல்ல மனுஷர், ஆனால் சட்டம் பேசுவார். "நாளைக்கு மத்தியானம் பட்டியலைப் பூட்டிடுவாங்க டாக்டர். ஆறு பேரும் பாடத்துல இருந்தாங்கங்கறதுக்கு ஆதாரம் கொண்டு வாங்க. உங்க வாய் வார்த்தையை வெச்சு நான் என்ன பண்றது?"

மறுநாள் காலையில் சித்வாலாவின் போனில் ஒவ்வொருவராகப் பேச வைத்தேன். கேள்வி கேட்டேன், பதிலைப் பதிவு செய்தேன். ஐந்து பேர் மளமளவென்று சொன்னார்கள். ஆறாவது நமாதாமா.

"அவ இங்கே இல்லை மேடம். திங்கக்கிழமை பட்டியலைப் பார்த்தா, தோணியை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அவ ஊர்ல சிக்னலே கிடையாது."

வெள்ளக்காட்டில் இரண்டு மணி நேரம் தோணி தள்ளி வந்துதான் அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் போன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பூஜ்யம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

"என்னைத் திட்டினாளா?"

"ஒண்ணும் சொல்லலை மேடம்."

அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நான் மாடு வளர்க்கிற டோங்கா இனம், அவள் மீன் பிடிக்கிற லோசி இனம். இந்த இரண்டு இனத்துக்கும் நடுவில் கேலி முறை உண்டு. சாவு வீட்டில்கூட ஒருவரை ஒருவர் வாரிவிடலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜனவரியில் முதல் நாளே, "மாட்டை எண்ணத் தெரிஞ்சதும் டோங்காக்காரங்க கணக்கு வாத்தியார் ஆயிட்டாங்க" என்று வகுப்பையே சிரிக்க வைத்தவள். "மீனை எண்ணத் தெரியாமத்தானே நீ இங்கே வந்திருக்கே?" என்று நானும் விடவில்லை. அவள் வாயிலிருந்து கேலி வராமல் போனதென்றால் மனது விட்டுப்போயிற்று என்று அர்த்தம்.

பழைய வகுப்புப் பதிவுகளைத் திறந்தேன். லேப்டாப்பில் சார்ஜ் அரை மணி நேரத்துக்குத்தான் வரும். என் குரலை நானே கேட்பது பெரிய தண்டனை. ஓட்டி ஓட்டிக் கேட்டு ஆறாவது வாரத்துக்கு வந்தேன்.

அதில் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று ஒரு பிள்ளை எழுதினால், அது என்ன நினைத்து எழுதியிருக்கும்? வழக்கம்போல் மௌனம். பிறகு சித்வாலாவின் கட்டத்திலிருந்து கலகலவென்று ஒரே சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு பெண் குரல்: "அந்தப் பிள்ளைக்கு எண்ணத் தெரியுது. மேல தனியா, கீழ தனியா எண்ணியிருக்கு. ஒரே அளவுத் துண்டா வெட்டிக்கிட்டு எண்ணணும்னு அதுக்கு யாரும்…"

உடனே என் குரல்: "ரேடியோவை அணை, சித்வாலா! கிளாஸுக்கு வந்தியா, சந்தைக்கு வந்தியா?"

பிறகு நானே அவர் ஒலியை நிறுத்தியிருக்கிறேன். 'யாருக்கும் தெரியாதா?' என்று அலுத்துக்கொண்டு, அதே விடையை நானே சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வேறு என்ன சொல்ல?

பதினொன்றரைக்கு டீன் மேசையில் ஐந்து பேர் பதில்களோடு அதையும் ஓட்டிக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நமாதாமா குரல்தானே? ஜனவரியில கேட்டிருக்கேன். சரி, கடைசியில கத்தறது யாரு?"

"நான்தான் சார்."

"இது கோப்புல சேந்துடும் டாக்டர். உங்க பதவி உயர்வுக்குப் பாக்கறவங்களும் கேப்பாங்க. அந்த இடத்தை வெட்டிட்டுக் குடுங்களேன்."

"வேண்டாம் சார், இருக்கட்டும்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஆறு பேரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். நமாதாமாவை அழைத்து வர சித்வாலா அன்று மத்தியானமே தோணி ஏறினார். போனாலும் அவள் வருவாளா என்பது யாருக்கும் தெரியாது. மறுநாள் சனிக்கிழமை முழுக்க அவர் போன் கிடைக்கவில்லை. பயிற்சியிலிருந்து கையோடு கொண்டு வந்த படிவத்தை நான் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஒரு சொல்கூட எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வெளியே வரும்போது செய்தி வந்தது.

'நமாதாமா என்கூட வந்துட்டா மேடம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றா. பரீட்சை ஹாலுக்குள்ள ரேடியோவைக் கொண்டு வரலாமா, இல்லை வெளியிலேயே அணைச்சு வெச்சுட்டு வரணுமாங்கறா.'