துண்டுக்குள் விலை

வாழைத்தார் தர்மராஜுடையது; அதன் விலை மட்டும் அவர் கண்ணில் படக் கூடாது. திருச்சி மண்டியில் அதுதான் வழக்கம். தரகரும் வியாபாரியும் ஒரு துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலையை முடித்துவிடுவார்கள். பிறகு தரகர் துண்டை உதறிவிட்டு ஒரு தொகையைச் சொல்வார். முடிந்த விலை அதுதானா என்று கேட்பவன் மானங்கெட்டவன். இந்த லட்சணத்தில் தர்மராஜுக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க ஆயில் எஞ்சின் வாங்கும் ஆசை வேறு.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், முசிறியில் வாழை போட்டிருந்த பதினோரு பேர் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார்கள்: இனி வாய்விட்டு விலை சொன்னால்தான் தாரை இறக்குவது. யோசனை தர்மராஜுடையது. முதலில் சூடத்தை அடித்தவன் அவர் தம்பி ஆண்டி.

"பதினோரு பேரு சரி. அங்க யாரு முதல்ல வாயைத் தொறக்கிறது?" என்று கேட்டாள் அவர் மனைவி வெள்ளையம்மாள்.

அவரேதான் திறந்தார். மறுநாள் காலை மண்டியில், தரகர் முகம்மது கனி விரித்த துண்டைக் கையால் ஒதுக்கினார். "வாயால சொல்லுங்க பாய். எல்லாரும் கேக்கட்டும்."

வியாபாரி அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.

கனிக்குக் கோபம் வரவில்லை. "நான் மட்டும் மாத்துனா வியாபாரிங்க எதிர்த்த மண்டிக்குப் போயிடுவாங்க. எல்லாரும் மாத்தட்டும், நானும் மாத்துறேன்" என்றார். நியாயமான பேச்சு. தர்மராஜுக்கு அதுதான் சங்கடம். அயோக்கியனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

அடுத்த வண்டி ஆண்டியுடையது. அவன் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. துண்டு விரிந்தது, தார்கள் இறங்கின. மற்ற ஒன்பது பேரும் ஆண்டியைப் பார்த்தார்கள். பிறகு அவர்கள் வண்டிகளும் காலியாயின.

உச்சி வெயிலில் தர்மராஜின் பூவன் தார்களில் மஞ்சள் ஏறத் தொடங்கியது. நாளைக்கு மாடுகூடத் தின்று தீர்க்காது. அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு கனியிடம் போனார்.

"துண்டை விரிங்க பாய்."

கனி தயங்கினார். "என் துண்டைத் தள்ளிவிட்டீங்க, எல்லாரும் பாத்தாங்க. இனிமே உங்க துண்டை நீங்களே குடுத்தாத்தான் வியாபாரி கையை நீட்டுவார்."

தர்மராஜ் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். அதற்குள் இரண்டு கைகள் அசைவதை, என்ன விலை என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.