மீ சுவா ஆலையில் பிரசவ அறை

மாவு பிசைகிற சட்டம் தாத்தா காலத்திலிருந்து ஒன்றுதான், ஆள் வைக்கிற சட்டம் மட்டும் ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது என்று தவுக்கே தியோங் கேட்டார். தவுக்கே என்றால் முதலாளி; மலேசியாவின் சித்தியவானில் அவருக்கு மீ சுவா ஆலை. நூல் நூலாக இழுத்து வெயிலில் காயப்போடுகிற அந்தச் சேமியா இல்லாமல் ஊரில் எந்தச் சீனர் வீட்டிலும் பிறந்தநாள் நடக்காது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதை ரொஹைசானைப் பார்த்துக் கேட்டது, மழை பெய்ததற்குக் குடை விற்கிறவளைத் திட்டுவது போல் இருந்தது.

ரொஹைசான் பதினொரு வருஷம் தொழிலாளர் இலாகா முகப்பில் உட்கார்ந்தவள். தப்பு செய்கிற முதலாளிகளில் முக்கால்வாசிப் பேர் கெட்டவர்கள் இல்லை, சட்டம் மாறியதே தெரியாதவர்கள் என்று அங்கே கண்டுபிடித்தாள். இடம் தேடிப் போய்ச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது. வேலையை விட்டுவிட்டாள். விட்ட அன்று ஊழியர்கள் துவான், அதாவது ஐயா, என்று கூப்பிடுகிற அவளுடைய அதிகாரி ஹஸ்லான் எல்லார் முன்னாலும், "மூணு மாசம் தாங்குவியா? உன் நாற்காலியை யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன், திரும்பி வா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குச் செரிக்கவே இல்லை.

இரண்டரை மாதத்தில் கிடைத்தது ஒரு முடிதிருத்தும் கடை, ஒரு டயர் கடை, இப்போது தியோங். இலாகா சோதனையில் தியோங் தேறிவிட்டால் அவருடைய ஆலைக்காரர் சங்கத்தில் மிச்சம் இருக்கிற பன்னிரண்டு பேரும் அவளைக் கூப்பிடுவார்கள். அவர் மாட்டிக்கொண்டால் அவள் பழைய நாற்காலிக்குத்தான் போக வேண்டும், அதுவும் ஹஸ்லான் பார்த்துக்கொண்டிருக்க.

"வாரத்துக்கு நாப்பத்தஞ்சு மணி நேரம்தான் வேலை வாங்கலாம், தவுக்கே."

"மாவுகிட்டச் சொல்லுங்க புவான். அது கடிகாரம் பாத்தா ஊறுது?" தியோங் அவளை எப்போதும் புவான், அதாவது அம்மணி, என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

"பொண்டாட்டிக்குப் பிரசவம்னா புருஷனுக்கும் ஏழு நாள் லீவு உண்டு."

"அவன் வீட்ல என்னத்தைப் புடுங்கப் போறான்? நான் மூணு புள்ளை பெத்தேன். ஒரு மணி நேரம் லீவு போடல."

பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைத் தூக்காமலே, "பெத்தது நானு" என்றாள்.

தியோங் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நோட்டில் குறித்துக்கொண்டார். பெண்களுக்குத் தொண்ணூற்றெட்டு நாள் பிரசவ விடுமுறை என்று ரொஹைசான் சொன்னபோது, மலாயில் பிரசவத்துக்கு உள்ள 'பெர்சாலின்' என்ற சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டார். அவர் மலாய்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்துக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவர். பரிசாகக் கிடைத்த கோப்பை கல்லாவுக்கு மேலே இருந்தது. அதற்குப் பிறகு அவருடைய மலாயில் குறை சொல்லி ஆலையில் பிழைத்தவர் யாரும் இல்லை.

பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பைக் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்பதும் புதுச் சட்டம். எங்கே ஒட்டலாம் என்று சுற்றிவந்த ரொஹைசான் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். அங்கேதான் பெண்கள் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மூட்டை குறையக் குறைய மறைவும் குறையும்.

"தவுக்கே, முதல்ல இவங்களுக்குக் கதவோட ஒரு அறை குடுங்க. அது இல்லாம இந்தக் காகிதத்தை ஒட்டினா சுவரே சிரிக்கும்."

தியோங் முனகினார். ஆனால் மறுநாளே தச்சரைக் கூப்பிட்டுவிட்டார். சொன்னதும் முனகுவார், முனகியபின் செய்துவிடுவார், அப்படி ஒரு பிறவி. கதவில் எழுத வேண்டிய வாசகத்தை ரொஹைசான் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை இங்கேதான் ஆரம்பம். மலாயில் 'பெர்சாலினன்' அறை என்றால் உடை மாற்றும் அறை. வாலை வெட்டி 'பெர்சாலின்' அறை என்றால் பிள்ளை பெறும் அறை. மலாய் எழுத்தில் முதல் எழுத்தும் வேறு, ஒன்றுக்கு P, மற்றதுக்கு B. நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே 'பெ'தான் என்பதால் அந்த வம்பு நமக்கு இல்லை. தியோங் செய்தியைப் படித்தார், நோட்டைப் பார்த்தார். சட்டத்தில் இருக்கிற சொல் பெர்சாலின். இந்தப் பெண் அவசரத்தில் தப்பாகத் தட்டிவிட்டாள், பாவம். பரிசு வாங்கியவர் திருத்தினார். சிவப்புச் சாயத்தில் தன் கையாலேயே எழுதி, படமும் எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் ஆலை விழுந்து விழுந்து சிரித்தது. அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஐம்பத்தாறு வயது சல்பியா தினமும் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏய், நான் போய்ப் பெத்துட்டு வந்துடறேன்" என்று அறைக்குள் போவாள். "ஆணா பொண்ணா?" என்று மற்றவர்கள் வெளியே நின்று கேட்பார்கள்.

செவ்வாய்க்கிழமை துவான் ஹஸ்லான் சோதனைக்கு வந்தார். தியோங்குக்குத் துணையாக ரொஹைசானும் வந்திருந்தாள். ரொஹைசானும் அவரும் ஒரே நேரத்தில்தான் அந்தக் கதவைப் பார்த்தார்கள். 

ஹஸ்லான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தவுக்கே, மருத்துவச்சிக்கு லைசென்ஸ் இருக்கா?"

"மருத்துவச்சியா? இது மீ சுவா ஆலை, துவான்."

"பிரசவம் பாக்கறதா எழுதியிருக்கே?"

"தினம் ரெண்டு, துவான்," என்றாள் சல்பியா. "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எல்லாம் சுகப்பிரசவம்."

வேலை நின்றுவிட்டது. முப்பத்தொரு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். தியோங்குக்கு மட்டும் எதற்கு என்று இன்னும் விளங்கவில்லை.

"யார் எழுதினது இது?" என்றார் ஹஸ்லான்.

அவள் அனுப்பிய சரியான வாசகம் கைப்பைக்குள் இருந்த தொலைபேசியில் பத்திரமாக இருந்தது. எடுத்துக் காட்டினால் அவள் மானம் பிழைக்கும். ஆனால் இத்தனை பேர் முன்னால் அந்த மனுஷன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? முனகிக்கொண்டே கதவு போட்டவர். ரொஹைசானுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"நான்தான் துவான். அவசரத்துல எழுதிட்டேன்."

ஹஸ்லானின் முகம் மலர்ந்ததைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மனுஷர் தீபாவளிப் பலகாரம் பார்த்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். "பதினொரு வருஷம் என்கிட்ட இருந்துட்டு இதுகூடத் தெரியலையா? அன்னிக்கே சொன்னேனே, இதெல்லாம் உனக்கு ஆகாதுன்னு."

இதற்குள் சல்பியா தவுக்கேயின் காதில் ஏதோ சொன்னாள். தியோங்கின் கழுத்திலிருந்து உச்சந்தலை வரை சிவந்தது. கதவைப் பார்த்தார், கல்லாவுக்கு மேலே இருந்த கோப்பையைப் பார்த்தார்.

"இவங்க எழுதல," என்றார்.

"என்ன?"

"இவங்க சரியாத்தான் எழுதிக் குடுத்தாங்க. நான்தான் தப்புன்னு நெனச்சுத் திருத்தினேன். தப்பு என்னுது."

பொட்டலம் கட்டும் மேசையிலிருந்து அவர் மனைவி எழுந்து வந்தாள். "கடைசியாச் சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷமாச்சு, காதுல சரியா விழுந்துச்சான்னு சந்தேகமா இருக்கு."

அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் அணை உடைந்து கொட்டியது. தியோங்கும் சிரித்துவிட்டார். ஹஸ்லான் மட்டும் சிரிக்காமல் நேரக் கணக்கு, விடுமுறைப் பதிவு, அறிவிப்பு என்று ஒவ்வொன்றாகத் துருவினார். ஒரு குறையும் இல்லை. பலகையில் எழுத்துப் பிழைக்குத் தண்டனை உண்டா என்று ரொஹைசான் பணிவாகக் கேட்டாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆலைக்குப் போய்விட்டார்.

தேறியாயிற்று. ஆனாலும் காரில் உட்கார்ந்தபோது ரொஹைசானுக்குச் சந்தோஷமே இல்லை. இந்தக் கதை மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் போய்விடும். பிரசவ அறைக்காரி என்று பெயர் வாங்கியவளைச் சங்கத்தார் எவர் கூப்பிடுவார்?

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஹஸ்லான்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் மெல்ல வந்தது.

"நாலு ஆலை பாத்துட்டேன். நாலுலயும் பிரசவ அறை."

"என்ன துவான் சொல்றீங்க?"

"உன் தியோங் கதவைப் படம் எடுத்துச் சங்கத்துக்கே அனுப்பியிருக்கார். 'புதுச் சட்டம், எல்லாரும் உடனே வையுங்க'ன்னு. ரெண்டாவது ஆலையில வெந்நீர்ப் பானை வெச்சிருக்கான். மூணாவதுல கட்டில் போட்டிருக்கான்."

ரொஹைசான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலாவதுல தொட்டில். இங்கதான் நிக்கிறேன். அதுல ஒரு குழந்தை தூங்குது. பொட்டலம் கட்டற பொண்ணோட குழந்தையாம். அறைதான் இருக்கேன்னு தூக்கிட்டு வந்துட்டா. மூணு நாளா வருதாம், யாருக்கும் தொந்தரவு இல்லையாம்." குரலை இன்னும் தாழ்த்தினார். "இந்த ஆலை முதலாளி, தியோங்குக்குச் சொல்லிக்குடுத்த புவானைக் கூப்பிடுங்க, அவங்க சொன்னாத்தான் தொட்டிலை எடுப்பேங்கறார். மத்தவங்களும் அதையேதான் சொல்றாங்க. எனக்கு என்ன எழுதறதுன்னே தெரியல. இதுக்குச் சட்டத்துல என்ன இருக்கு... புவான்?"

பதினொரு வருஷத்தில் அவர் அவளை அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. ரொஹைசான் காரைக் கிளப்பினாள்.

"அதுக்கு இன்னும் சட்டம் வரல, துவான். குழந்தையை எழுப்பிடாதீங்க. நான் வந்துட்டு இருக்கேன்."