காஜாக்காரியின் கிழமைகள்

மற்ற எல்லோருக்கும் வியாழக்கிழமை பிறந்தபோது காஜாக்காரிக்கு மட்டும் செவ்வாய் மத்தியானம்தான் ஆகியிருந்தது. முப்பது வருஷம் சட்டைகளுக்குப் பித்தான் துளை போட்டுக் காஜா எடுத்த விரல்களில் மூட்டுவாதம் வந்து, கணுக்கணுவாகப் புடைத்து, கதவுத் தாழ்ப்பாளைக்கூட நகர்த்த முடியாமல் போனதால் அவளைத் ‘தாய் சி’ என்ற சீன உடற்பயிற்சி வகுப்பில் சேர்த்தது கணவர்தான். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட மாதிரியே திரிபவர். “எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா” என்று மாஸ்டர் சொன்னதை மற்றவர்கள் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு நூலிழை பிசகினாலும் பித்தான் ஏறாத தொழில் அவளுடையது. சொன்னதை அப்படியே செய்தாள். மேகத்தை ஒதுக்குவதுபோல் கையைக் கொண்டுபோக மற்றவர்களுக்கு அரை நிமிஷம், அவளுக்கு ஒரு காலைப்பொழுது. வலி விட்டது. நாள்களும் அவளை விட்டுவிட்டு முன்னால் போயின.

திங்களன்று கண்டக்டர் “என் கண்ணாடியைப் பாத்தியா?” என்று கேட்டால், புதனன்று வந்து, “உங்க மூக்கு மேலதான் இருக்கு” என்பாள். அதற்குள் அவர் புதுக் கண்ணாடியே வாங்கியிருப்பார்.

“இன்னும் எந்த ஸ்டாப்புல நிக்கிற? ஏறித் தொலையேன்!” என்று ஒருநாள் கத்தினார். அது அவளுக்குப் போய்ச் சேர ஐந்து நாளாயிற்று. அவர் வேறெதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் அழுதாள். வகுப்பை நிறுத்தினாள். ஒரே மாதத்தில் அவருடைய கிழமைக்கு வந்து சேர்ந்தாள். விரல்களும் பழையபடி பூட்டிக்கொண்டன. விடியற்காலையில் அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு, “போம்மா, போய்ப் பண்ணு. நான் முன்கூட்டியே பேசிக்கிறேன்” என்றார். அப்படியே பேசினார், அடுத்த வாரத்துப் பேச்சை இந்த வாரமே.

ஏழு வருஷம் கழித்து ஒரு புதன்கிழமை, மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முன்கூட்டிச் சொல்ல அவகாசம் கிடைக்கவில்லை. காஜாக்காரி அப்போது பதினொரு நாள் பின்னால் இருந்தாள். அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் வீடு திரும்பியபோது, அவள் கூடத்து வெற்று நாற்காலியைப் பார்த்து, “போதும் உங்க நக்கலு, ஆறிப்போகுது, குடிங்க” என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்டரின் அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “யாரும் சத்தம் போடாதீங்க. அவளுக்கு அவன் இன்னும் உசுரோடதான் இருக்கான்.”

வந்தவர்கள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தார்கள். பதினொன்றாம் நாள் காலை, உள்ளே குவளை விழுந்து உடைந்தது. எல்லோரும் எழுந்து, உள்ளே போய், அழ ஆரம்பித்தார்கள்.