லண்டன் பரீட்சை எழுதியவர்

நாற்பது வயதைத் தாண்டிய மனுஷன் பரீட்சைக்குப் படிக்கப் போகிறேன் என்று மேசையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டால் பெண்டாட்டிக்கு என்ன வரும்? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் மகள் அக்னஸ் அப்போது கான்வென்டில் படித்துக்கொண்டிருந்தாள். "அவளும் நீங்களும் ஒரே சிலேட்டை வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி எழுதுங்க," என்று கேலி செய்தேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சிரி, அன்னமேரி, நல்லா சிரி. பெரிய கிராணி நாக்காலியில நான் உக்காந்ததும் உன் வாய் என்னா சொல்லுதுன்னு பாக்குறேன்," என்றார்.

அவர் பெயர் பெர்னார்ட். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று என்னை வளர்த்தார்கள். எழுதினால் குற்றமில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ரப்பரும் ஈயமும் கப்பலேற்றி அனுப்பும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அவர் கணக்கெழுதும் கிராணி. மீசை அரும்பிய வயதில் உள்ளே போனவர், தலை நரைக்க ஆரம்பித்தும் அதே மேசையில்தான் இருந்தார். அடுத்த மேசையில் மைக்கேல். இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள், ஒரே கோவிலில் பூசை காண்கிறவர்கள். பெரிய கிராணிக்கு வயதாகிவிட்டது. அவர் போனால் அந்த இடம் இவர்கள் இருவரில் ஒருவருக்குத்தான்.

இந்த நேரத்தில்தான் துரை ஒரு நாள் போகிறபோக்கில், "இனி பெரிய கிராணியாக வருகிறவனுக்கு வியாபாரப் படிப்பு இருந்தால் நல்லது," என்று சொல்லியிருக்கிறார். துரை அதை அன்றைக்கே மறந்திருப்பார். இவர் பிடித்துக்கொண்டார். லண்டனிலிருந்து தபால் மூலம் பாடம் அனுப்பி, பரீட்சை வைத்து, டிப்ளமா கொடுக்கிறார்களாம். உடனே எழுதிப் போட்டுவிட்டார்.

"நீங்க பாக்குற வேல உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதத் தெரியும்னு சொல்றதுக்கு லண்டன்காரன் எதுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியிறது வேற, தெரியும்னு காயிதத்துல இருக்கிறது வேற. வெள்ளக்காரன் காயிதத்தத்தான் நம்புவான் லா."

பாடப் புத்தகங்கள் வந்து சேர்ந்தன. கோவிலில் பாட்டுக் குழுவை விட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைப் பாடாங் திடலுக்குக் காற்று வாங்கப் போவோம், அதுவும் நின்றது. அக்னஸ் ஏதாவது கேட்டால் கையை மட்டும் காட்டுவார், அப்புறம் வா என்று. அந்த அப்புறம் வரவேயில்லை. முதல் தடவை தவறிவிட்டார். ஒரு வாரம் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மறுபடி அதே பாடங்களை ஆரம்பத்திலிருந்து படித்தார். கண் கெட்டு மூக்குக்கண்ணாடி வந்தது. கடைசியில் பாஸ் செய்தார். பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு நானும் அழுதேன், ஆர்கைல் ரோட்டில் தெரிந்தவர் வீட்டுக்கெல்லாம் பலகாரம் கொடுத்தனுப்பினேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஏதாவது பாஸ் செய்துவிட்டால் சும்மா விடமாட்டார்கள். தேநீர் விருந்து வைத்து, மாலை போட்டு, வாழ்த்துப் பத்திரம் வாசித்தால்தான் மனசு ஆறும். எங்கள் கோவில் சபைக்குச் செயலாளர் பால்ராஜ். நல்ல மனிதர், மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். அவர் ஒரு படி மேலே போய், துரையையே தலைமை தாங்க அழைத்துவிட்டார். துரையும் வந்துவிட்டார். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

வாழ்த்து என்றால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். வாழ்த்தப்படுகிறவனை இந்திரன், சந்திரன் என்பார்கள். கேட்கிறவர்கள் கை தட்டுவார்கள், வீட்டுக்குப் போகும்போது உதறிவிட்டுப் போவார்கள். பால்ராஜ் அன்றைக்குத் துரைக்காக இங்கிலீஷில் பேசினார். எனக்குப் புரியவில்லை, அக்னஸ்தான் காதில் சொன்னாள். "சிங்கப்பூர் கம்பெனிக்காரங்களும் ரங்கூன் கம்பெனிக்காரங்களும் அப்பாவ எப்ப கொத்திக்கிட்டுப் போகலாம்னு காத்திருக்காங்களாம். ஆனா அப்பா பினாங்க விட்டுப் போக மாட்டேன்னுட்டாராம்."

ரங்கூனிலிருந்து இவருக்கு ஒரு கடுதாசிகூட வந்ததில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள். மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து, அது பொய் என்றா சொல்வார்? தலையைக் குனிந்து புன்னகை செய்தார். துரை மட்டும் சிரிக்கவில்லை. அவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஈயமும் விழுந்தது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தி, ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பத் தொடங்கினார்கள். பீச் ஸ்ட்ரீட்டில் கம்பெனிக்குக் கம்பெனி ஆட்குறைப்பு. பெரிய கிராணியை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். இருக்கிற இருவரில் ஒருவர் போக வேண்டும் என்று பேச்சு வந்தபோது நான் பயப்படவே இல்லை. டிப்ளமாக்காரரை விட்டுவிட்டு மைக்கேலையா வைத்துக்கொள்வார்கள்? மைக்கேல் மனைவியைக் கோவிலில் பார்த்தபோது எனக்கு அவள்மேல் பாவமாகக்கூட இருந்தது.

ஒரு நாள் மத்தியானமே இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டையைக் கழற்றவில்லை, கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்," என்றார்.

"ஏன்? நீங்க பாஸ் பண்ணினவராச்சே!"

"அதுக்குத்தான். மைக்கேலுக்கு இந்த வேலைய விட்டா வேற கதி இல்லையாம். எனக்கு டிப்ளமா இருக்காம், சிங்கப்பூருலயும் ரங்கூன்லயும் ஆளு காத்துக்கிட்டு இருக்காங்களாம். நான் எங்க வேணும்னாலும் போயிப் பொழச்சுக்குவேனாம். துரை எந்திரிச்சு நின்னு கை குலுக்குனாரு, அன்னமேரி. நல்ல மனசோடதான் சொன்னாரு."

"அது பால்ராஜ் அண்ணன் சும்மா அளந்ததுன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னேன். எனக்கு அடக்கம் ஜாஸ்தின்னு சிரிச்சாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பால்ராஜ் வீட்டுக்குப் போய்க் கத்திவிட்டு வந்தேன். அந்த மனிதர் வாசலில் நின்று அழுதுவிட்டார். வாழ்த்தத்தானே வாழ்த்தினேன் என்றார். நல்ல மனதோடு ஆளாளுக்கு ஒரு காரியம் செய்தார்கள், என் வீட்டில் அடுப்பு அணைந்தது. யாரைப் பிடித்து உலுக்குவது?

அதற்குப் பிறகு அவர் ஏறி இறங்காத படி இல்லை. டிப்ளமாவைக் கொண்டுபோனால், இவ்வளவு படித்தவருக்குக் கொடுக்க எங்களிடம் இடம் இல்லை என்றார்கள். வயதைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிங்கப்பூருக்கும் எழுதினார். அங்கே அவர்கள் ஆட்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்னஸைக் கான்வென்டிலிருந்து நிறுத்தினோம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. மனுஷன் சவரம் செய்வதை நிறுத்தினார், பிறகு பூசைக்கு வருவதையும் நிறுத்தினார். அவர் குளிக்கப் போய்க் கொஞ்சம் தாமதமானால்கூட நான் கதவண்டை போய் நின்று காது கொடுப்பேன்.

கடைசியில் வெல்ட் கீ படகுத்துறையில் ஒரு கிட்டங்கியில் வேலை கிடைத்தது. தொங்கான் படகிலிருந்து இறங்கும் ரப்பர் கட்டுகளை எண்ணிக் குறிக்கிற வேலை. அங்கே மண்டோர் அப்துல் ரஹீம்தான் ஆட்களை வைப்பதும் நிறுத்துவதும். இவருக்கு முன்னால் அங்கே இருந்த படித்த ஆள் கூலிகளுக்காகத் துரைமாருக்கு மனு எழுதப்போய் மண்டோருக்கு வேலையே போக இருந்ததாம். அதனால் மண்டோர் இவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். "எனக்குப் படிச்சவன் வேணாம். எழுத, எண்ணத் தெரிஞ்சாப் போதும். நீ என்னா படிச்சிருக்கே?" இவர், "ஆறாவது வரைக்கும்," என்றார். அதை வீட்டில் வந்து சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

ஒரு நாள் சோறு எடுத்துக்கொண்டு நான் கிட்டங்கிக்குப் போனேன். இவர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மண்டோர் நாலடி தள்ளி நாற்காலியில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது கடலுக்கு அக்கரையிலிருந்து, சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்துச் சரக்கோடு வந்த சின்னக் கிராணி ஒருவர் எங்களிடம் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், சுத்தமான வெள்ளைச் சட்டை.

"அண்ணே, உங்க பேரு பெர்னார்டாமே. லண்டன் பரீட்ச பாஸ் பண்ணினது நீங்கதானாண்ணே?"

மண்டோர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

இவர் கையில் சோறு அப்படியே நின்றது. "நான் இல்ல, தம்பி. அது வேற பெர்னார்ட்," என்றார்.

அந்த ஆளுக்கு முகம் வாடிவிட்டது. "அவரப் பாத்து ஒரு வார்த்த கேக்கலாம்னு இருந்தேன். தோட்டத்துல நான் எத்தன வருஷமானாலும் சின்னக் கிராணிதான். நானும் அந்தப் பரீட்சைக்குப் பணம் கட்டலாம்னு பாக்குறேன். சம்சாரம் தாலிக்கொடியக் கழட்டிக் குடுத்திருக்கா. மனசு கெடந்து அடிச்சிக்குது. பாஸ் பண்ணின மனுஷன் வாயால கேட்டா தைரியமா இருக்கும்ணே."

மண்டோர் இன்னும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வேலையும் போனால் அடுத்தது எங்களுக்கு ஊர்க் கப்பல்தான். என் வாய் யாருக்கும் அடங்கியதில்லை. அன்றைக்கு அதைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். இவர் என்னைப் பார்த்தார், மண்டோரைப் பார்த்தார், பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வேணாம், தம்பி. அந்தப் படிப்பெல்லாம் வேணாம். தாலிக்கொடிய அவங்க கழுத்துலயே திருப்பிப் போட்டுரு."

அந்தக் கிராணி மரியாதையாகத்தான் சிரித்தார். "படிக்காதவங்க எல்லாரும் இதத்தான்ணே சொல்றாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு அதப்பத்தி எப்படித் தெரியும்?"

கும்பிட்டுவிட்டு, தபாலாபீஸுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் எச்சில் கையை நீட்டி வழி காட்டினார்.