ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்

காது பரிசோதனை நிலையத்தில் அவருக்கு 'பீப் சார்' என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, ஒட்டிக்கொண்டுவிட்டது. வருகிறவர்களை ஒலி புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அமுக்குங்க, கேக்கலன்னா சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக பீப் ஒலிகளை அனுப்புவார். சிலர் கேட்காத சத்தத்துக்கெல்லாம் அமுக்கித் தள்ளுவார்கள். ஃபெயிலாகிவிடுவோம் என்ற பயம். "இது பரீட்சை இல்லைங்க" என்று தொண்டை கிழியக் கத்திச் சொல்லவேண்டியிருக்கும். பகல் முழுதும் கத்திவிட்டு வீடு திரும்பினால் மெதுவாகப் பேசவும் அங்கே ஆளில்லை.

மனைவி இருந்தாள். இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரையில் இருந்த ஊரில் இருந்தாள். குடிநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கிற வேலை. பதவி உயர்வோடு அங்கே மாற்றல் வந்தபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது. "இந்த வயசுல போய் தனி வீடு பாக்கணுமா?" என்று தயங்கியவளை, "போ, நான் வாராவாரம் வந்துடறேன். ரெண்டரை மணி நேரம், ஒரு தூக்கம் போடறதுக்குள்ள வந்துடுவேன்" என்று அனுப்பிவைத்தவரே அவர்தான். "வண்டி ஓட்டும்போது தூங்கிடாதீங்க" என்றாள் அவள். பிள்ளைகள் இல்லை. இரண்டு வீட்டையும் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தது அந்த ஒரு கார்தான். அவளுக்கு ஓட்டத் தெரியாது. பஸ்ஸில் போவதானால் மூன்று இடத்தில் மாறி, ஏழு மணி நேரம் ஆகும்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மூன்று வருடம், வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கடைசி ஆளை அனுப்பிவிட்டு, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நேரே வண்டிக்குப் போவார். நூறுக்குக் குறையாமல் போவார். ஏசியைக் குளிரக் குளிர வைத்துக்கொண்டு, அந்த வாரம் வந்தவர்களின் கதைகளை அவளுக்குச் சொல்லும் வரிசையில் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போவார். ஆறரைக்கு அவள் வாசலில் நிற்பாள்.

பெட்ரோல் விலை முதல்முறை ஏறியபோது அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஓட்டுகிற விதத்தை மாற்றினால் போதும் என்று எங்கேயோ படித்தார். டிக்கியில் வருடக்கணக்காகக் கிடந்த நிலையத்துப் பழைய சோதனை மிஷின், மடக்கு நாற்காலி, செங்கல் இரண்டு எல்லாவற்றையும் இறக்கினார். வாரம் தவறாமல் டயருக்குக் காற்றுப் பார்த்தார். சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தாலே காலை எடுத்துவிட்டு, வண்டியைத் தானாக ஊர்ந்துபோக விட்டார். ஏசியை அணைத்தார். முக்கியமாக, அறுபதுக்கு மேல் போவதில்லை என்று முடிவு கட்டினார்.

அறுபதில் போகிறவனுக்கு அந்த நெடுஞ்சாலையில் மரியாதை கிடையாது. லாரிகள் முதுகில் வந்து நின்று ஹாரன் அடித்தன. ஒரு பஸ் டிரைவர் தாண்டிப் போகும்போது தலையை வெளியே நீட்டி, "இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இதையும் மனைவிக்குச் சொல்ல வரிசையில் சேர்த்துக்கொண்டார். ஆனால் நான்கு மணி நேரம் வியர்த்து வழிந்து போய்ச் சேர்ந்தவருக்கு, சாப்பிட்டவுடன் கண் சொருகியது. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனார். காலையில் அவள்தான் கேட்டாள்.

"நேத்து ஏதோ பஸ் டிரைவர்னு ஆரம்பிச்சீங்களே?"

"அதுவா, ஒண்ணுமில்ல." காலை வெளிச்சத்தில் அது அவ்வளவு வேடிக்கையாகத் தோன்றவில்லை.

இரண்டாவது முறை விலை ஏறியபோது, துணைக்கு ஆள் ஏற்றிக்கொண்டார். தரைக்கு ஒட்டும் டைல்ஸ் விற்கிற பிரதிநிதி ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் அதே ஊருக்குப் போகிறவர். செலவில் பாதி அவருடையது. நல்ல மனிதர்தான், ஆனால் வாய்க்கும் போனுக்கும் ஓய்வு கிடையாது. "அண்ணே, வழுக்காதுண்ணே, நான் கேரண்டி" என்று யாரிடமோ வழிநெடுகச் சத்தியம் செய்துகொண்டே வருவார். பீப் சார் மனதில் கதை அடுக்குவது நின்றுபோனது. அதைவிட, டைல்ஸ்காரர் ஞாயிறு இரண்டு மணிக்கே திரும்பியாகவேண்டும். முன்பெல்லாம் இவர் ஞாயிறு இருட்டியபிறகுதான் கிளம்புவார். சிலசமயம் திங்கள் விடியலில் கிளம்பி நேரே வேலைக்கு ஓடுவதும் உண்டு. இப்போது ஞாயிறு மதியச் சாப்பாட்டைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

நான்கு மாதத்தில் டைல்ஸ்காரருக்கு வேறு பக்கம் மாற்றல் ஆனது. அதன்பிறகு வந்த முதல் ஞாயிறன்று, ஒன்றரை மணிக்கு அவருடைய பையை எடுத்துக் கூடத்தில் வைத்தாள் மனைவி.

"கிளம்பலையா?"

டைல்ஸ்காரர்தான் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எந்த அவசரமும் இல்லாமல் அன்று அறுபதில் வந்துகொண்டிருந்தபோதுதான், நாம் ஏன் கிளம்பினோம் என்று யோசித்தார். விளங்கவில்லை.

மூன்றாவது முறை ஏறியபோது அவளே போனில் சொன்னாள். "எதுக்குங்க வாராவாரம்? ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வாங்களேன். உங்களுக்கும் அலைச்சல். நாமதான் தினம் பேசறோமே."

"அதுவும் சரிதான்."

நியாயமான பேச்சு. இரண்டு பேரும் நியாயமானவர்கள். கையைக் கடிக்கிற விலையில், ஐம்பதைத் தொட்டுவிட்ட புருஷன் பெண்டாட்டி வாராவாரம் பார்த்தே தீரவேண்டும் என்று யார் அடம்பிடிப்பார்கள்? மழைக்காலம் முடிவதற்குள் அது மாதம் ஒருமுறை ஆனது. அதை யார் முதலில் சொன்னது என்று பின்னால் இருவருக்குமே நினைவில்லை.

போன் பேச்சு தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் நடந்தது. "சாப்டாச்சா?" "இனிமேதான். நீ?" "ஆச்சு." அவள் சொல்கிற வார்த்தைகளைவிட, அவளுக்குப் பின்னால் கேட்கிற சத்தங்களில்தான் அவர் காது நின்றது. தொழில் அப்படி. குழாய் சொட்டுவது, நாற்காலி இழுபடுவது எல்லாம் துல்லியமாகக் கேட்கும். ஒருநாள் பெண்கள் இரண்டு மூன்று பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "யாரு?" என்றார். "கூட வேலை பாக்கறவங்க" என்றாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, முறை இல்லாத சனிக்கிழமை, காலை எட்டு மணிக்குக் காப்பி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நின்றவர், வியாழன் இரவு போனை வைத்ததிலிருந்து வாயைத் திறந்து யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை என்பதைக் கவனித்தார். வெள்ளி நிலையத்துக்கு விடுமுறை. போனும் முந்தினநாள் அவளுக்கு வேலையிருக்கிறது என்ற குறுஞ்செய்தியோடு முடிந்திருந்தது. சரிபார்ப்பதுபோல "ஹலோ" என்று சொல்லிப் பார்த்தார். குரல் கரகரவென்று வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அன்று அறுபதாவது மண்ணாவது. பங்க்கில் டேங்க்கை நிரப்பினார். ஏசியை முழுதாக வைத்தார். நூறைத் தாண்டி முள் ஏறியபோது நெஞ்சுக்குள் என்னவோ இளகியது. முன்பு ஹாரன் அடித்த லாரிகளின் தம்பி அண்ணன்களையெல்லாம் தாண்டிக்கொண்டு போனார். வாசலில் அவள் முகம் எப்படி மலரும் என்று நினைக்க நினைக்க, ஐம்பது வயது ஆள் ஸ்டியரிங்கில் தாளம் தட்டினார். எப்போதோ சொல்லாமல் விட்ட கதைகளைத் தேடி எடுத்து அடுக்கினார்.

வீடு பூட்டியிருந்தது. சாவி ஒன்று அவரிடம் உண்டு, ஆனால் அதை எடுத்துவரத் தோன்றவில்லை. வாசல் படியில் உட்கார்ந்தார். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெண் ஜன்னலிலிருந்து இவரைப் பார்த்து, "யாரு வேணும்?" என்று கேட்டாள்.

"நான் இந்த வீட்டம்மாவோட வீட்டுக்காரர்தான்."

"அவங்க தனியாதானே இருக்காங்க?" என்று சொல்லிவிட்டு, அவசரமாக நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

முக்கால் மணி நேரம் கழித்து தெருமுனையில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. நான்கு பெண்கள் சைக்கிளில் வந்தார்கள். நடுவில், நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, கொஞ்சம் கோணலாக ஆனால் தைரியமாக ஓட்டிக்கொண்டு, பக்கத்தில் வருகிறவளிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தது அவர் மனைவி. அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

அவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. காலை ஊன்றி இறங்கியவளின் முகம் வெளிறியிருந்தது.

"என்னாச்சு? யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்ல இல்ல. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?" மூச்சை வெளியே விட்டாள். "பயந்தே போயிட்டேன். ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

மற்ற மூவரும் மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். நான்கு பேரும் குடிநீர் நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள். பெட்ரோல் விலை ஏறியதும் எல்லோருமாகச் சைக்கிளுக்கு மாறிவிட்டார்களாம். "அக்காதான் கடைசியா கத்துக்கிட்டாங்க, எத்தனை தடவை விழுந்தாங்க தெரியுமா சார்?" என்றாள் ஒருத்தி. தெரியாது என்று சொல்லாமல் அவர் சிரித்துவைத்தார்.

உள்ளே போனதும் அவள் முந்திக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினாள். கட்டிலில் அவர் படுக்கும் பக்கம் முழுக்க ஃபைல்களும் துவைத்த துணியும் குவிந்திருந்தன. எல்லாவற்றையும் வாரி நாற்காலியில் போட்டாள். அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து அவருடைய டூத் பிரஷ்ஷையும் சவரக் கத்தியையும் எடுத்துக் குளியலறையில் வைத்தாள். மாதம் ஒருமுறை அவர் வருவதற்கு முன்னால் இதெல்லாம் நடந்து முடிந்திருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. விருந்தாளிக்கு வீட்டை ஒழுங்குபண்ணுவது மாதிரி.

சாப்பிடும்போது அவர் கேட்டார்.

"சைக்கிள் கத்துக்கிட்டத ஏன் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு இல்ல. நேர்ல ஓட்டிக் காட்டலாம்னு வச்சிருந்தேன். போன தடவை வந்தீங்க, தூங்கினீங்க, கிளம்பிட்டீங்க." முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். ஆறிப்போன தழும்பு ஒன்று இருந்தது. "இது கத்துக்கும்போது விழுந்தது. நீங்க பாக்கலயேன்னு நினைச்சேன். அப்புறம் அதுவும் மறந்துபோச்சு."

அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "நீங்க வரத குறைச்சது பெட்ரோலாலதானா?"

"நீதான சொன்ன, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்னு."

"ஆமா. நான்தான் சொன்னேன். வேணாம்னு சொல்வீங்கன்னு நினைச்சேன்."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லவில்லை. "முதல்ல பெட்ரோல்தான். அப்புறம்... ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போயி செருப்பக் கழட்டினப்ப, அப்பாடா, இன்னிக்கு ஓட்ட வேணாம்னு இருந்துச்சு. அது எனக்கே பிடிக்கல."

"எனக்கும் அப்படித்தான்," என்றாள் அவள், கோபமே இல்லாமல். "நீங்க வரலன்னா சனிக்கிழமை ஏரியச் சுத்திப் போவோம். முதல்ல பொழுது போகலைன்னு போனேன். இப்ப அதுக்காகக் காத்துட்டிருக்கேன்."

சாயங்காலமும் போவதாக இருந்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுத்தவளை அவர் தடுத்தார். போகட்டுமா என்று அவள் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் போனாள். அவர் வாசலில் நின்று, தெரு திரும்பும்வரை அவள் ஓட்டுவதைப் பார்த்தார். நன்றாகத்தான் ஓட்டினாள். திரும்பும்போது மட்டும் கையைக் காட்ட மறந்துவிட்டாள்.

இரவு பேசினார்கள். நிறையவே பேசினார்கள். அவர் அடுக்கி வைத்திருந்த கதைகளில் சிலதுக்கு அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆனால் கதையில் வருகிற ஆட்களையெல்லாம் முதலிலிருந்து அறிமுகப்படுத்தவேண்டியிருந்தது. அவள் சொன்ன கதைகளுக்கும் அப்படியே. ஞாயிறு இருட்டியபிறகுதான் அவர் கிளம்பினார். பையை இந்தத் தடவை அவரேதான் எடுத்துவைத்துக்கொண்டார்.

கோடை பிறந்ததும் பெட்ரோல் விலை இறங்கியது. பங்க்கின் பலகையில் புது எண்ணை ஒருவர் ஏணிமேல் நின்று மாட்டிக்கொண்டிருப்பதை அவர் வேலைக்குப் போகும் வழியில் பார்த்தார். அன்று முழுதும், எதிரில் இருந்தவர்கள் பட்டனை அமுக்கியதைக்கூடச் சரியாகக் கவனிக்காமல் இரண்டு பேருக்கு மறுபடி சோதனை செய்யவேண்டியதாயிற்று.

அன்றிரவு அவளே ஆரம்பித்தாள். "பெட்ரோல் இறங்கியிருக்காமே?"

"ஆமா."

"நிறையவா?"

"கொஞ்சம்தான்," என்றார். கொஞ்சமில்லை. பழைய விலைக்கே வந்துவிட்டது. செய்தி எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. அவளும் பார்த்திருப்பாள்.

"ஓ," என்றாள். அவள் வீட்டில் குழாய் சொட்டுவது கேட்டது.

"வாஷர் மாத்தணும் அந்தக் குழாய்க்கு," என்றார்.

"வரும்போது வாங்கிட்டு வாங்க. இருபத்தஞ்சாம் தேதிதானே?"

"இருபத்தஞ்சுதான்."

போனை வைத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தார். இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. எழுந்து போய், சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.