கஸ்பார் ஏறாத கப்பல்

1.

இந்தக் கதை ஒரு லோரிக்காரரின் சிரிப்பில் தொடங்கியது. லைசென்ஸ் எடுக்க ஈப்போவில் நின்றிருந்தேன். கண் சோதனையில் வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படித்துக் காட்ட வேண்டும். எனக்கு முன்னால் நின்றவருக்கு எண்ணே தெரியவில்லை. வெளியே வந்து, "லோரி ஓட்டத்தானே அண்ணே வந்தேன், கப்பலா ஓட்டப் போறேன் லா?" என்று சிரித்தார். புந்தோங்கில் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், கப்பல் ஓட்டவே ஆசைப்பட்ட ஒருவனைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன். அவனுக்குக் கஸ்பார் என்று பெயர் வைத்தேன்.

2.

முதல் தொடக்கம்: 1928ஆம் ஆண்டு, ரப்பர் மரங்களுக்கு மேலே வானம் கடலைப் போல...

வேண்டாம். கஸ்பார் கடலைப் பார்த்ததே இல்லை.

இரண்டாவது தொடக்கம்: கஸ்பாருக்குப் பதினேழு வயது. அப்பா பெரியநாயகம் ஈப்போவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அக்கா கெர்ட்ரூட் கான்வென்ட்டில் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். அம்மா இறந்துவிட்டாள். (அதற்கு வேறொரு கதை வேண்டும்.) பம்பாய்த் துறைமுகத்தில் நங்கூரமிட்ட ஒரு கப்பலையே கல்லூரியாக்கி, இந்தியப் பையன்களைக் கப்பல் அதிகாரிகளாக்கப் பயிற்சி தொடங்கியிருந்தார்கள். கணக்கு, நட்சத்திரம், கொடி, துடுப்பு, கயிறு. [மலாயாவிலிருந்து யாரையாவது சேர்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் சேர்க்கிறார்கள்.] கஸ்பார் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். கட்டில் காலில் கயிறு கட்டி முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். ஈப்போ டாக்டரிடம் கண் சோதனை மட்டும் பாக்கி.

3.

டாக்டர் கம்பளி நூல்களைக் கொட்டி நிறம் பிரிக்கச் சொல்வார் என்று கேள்விப்பட்டு, கெர்ட்ரூட் தன் தையல் நூல்களை மேசையில் பரப்பினாள்.

"பச்சையெல்லாம் எடுடா."

அவன் எடுத்ததில் பாதி சிவப்பும் பழுப்பும்.

"விளையாடாத."

"விளையாடலக்கா."

அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பெரியநாயகத்துக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும், "நூலுதானே? வெளுப்பு எது, அடர்த்தி எதுன்னு வெச்சு அடையாளம் பிடிச்சுக்கலாம்" என்றார்.

"கப்பல்ல இடப்பக்கம் சிவப்பு வெளக்கு, வலப்பக்கம் பச்சைப்பா. எதிர்ல வர்ற கப்பல் எந்தப் பக்கமா போகுதுன்னு அதை வெச்சுத்தான் தெரியுமாம். இவனே சொன்னான்."

"தோட்டத்துல பொறந்த பையன் ஆபிசராகப் போறான். நீ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு."

அவள் சும்மா இருக்கவில்லை. தினமும் உட்கார்ந்து தம்பிக்கு நூல் பழக்கினாள். இந்த இடத்தில் எனக்குக் கெர்ட்ரூட்மேல் சந்தேகம். விளக்கைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசியவள் ஏன் பழக்கினாள்? ஒரு வரைவில் மறுத்துப் பார்த்தாள். ஆனால் தம்பி ராத்திரிச் சாப்பாட்டைத் தொடாமல் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்தான். அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

4.

வெள்ளைக்கார டாக்டரின் முன்னால் கஸ்பார் ஒரு நூலைக்கூடத் தவறவிடவில்லை. [நம்பச் சிரமம்தான். எனக்கும்.]

டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டே ஆங்கிலத்தில் சொன்னார்: "நல்ல கண்கள். ஒருநாள் இவற்றை நம்பி ஒரு கப்பல் முழுக்கத் தூங்கும்."

முதல் வரைவில் கஸ்பார் நன்றி சொல்லி வெளியே வந்து, பினாங்கில் கப்பலேறி, பம்பாயில்...

டாக்டரின் அந்த வார்த்தைக்குப் பிறகு அவன் நகர மறுத்தான். கப்பலின் கீழ்த்தளத்தில் முகம் தெரியாத யார் யாரோ தூங்குவது அவனுக்குத் தெரிந்தது. அவர்களுக்கு நடுவே கெர்ட்ரூட்டும்.

"ஐயா, எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. பழகிக்கொண்டு வந்தேன்."

"யார் பழக்கியது?"

"நானே."

அந்த அறையில் அவன் சொன்ன ஒரே பொய் அது. டாக்டர் பேனாவை மூடினார். பம்பாய் முடிந்துபோயிற்று.

5.

முடிவு ஒன்று: ஈயம் எடுக்கும் மிதவை இயந்திரத்தில் கஸ்பார் வேலைக்குச் சேர்கிறான். மலாய்க்காரர்கள் அதையும் கப்பல் என்றுதான் சொல்வார்கள். ரொம்பப் பொருத்தம். அதனாலேயே அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: பெரியநாயகம் மகனைக் கட்டிக்கொண்டு... இல்லை, அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். வெளியே காத்திருந்த அப்பாவிடமும் அக்காவிடமும் கஸ்பார் நடந்ததைச் சொன்னான். மூவரும் ஈப்போ ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். பெரியநாயகம் முன்னால், திரும்பிப் பார்க்காமல்.

"நான்தான்பா பழக்கினேன். ஏசணும்னா என்னை ஏசுங்க" என்றாள் கெர்ட்ரூட்.

அவர் நின்றார். மகனைப் பார்த்தார். ஒரே வீட்டில் பதினேழு வருடம் வளர்த்த பையன்.

"அப்போ எங்க மூஞ்சியெல்லாம் உனக்கு எப்படிடா தெரியும்?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

கஸ்பார் சொன்ன பதிலைப் பலமுறை எழுதி அடித்துவிட்டேன். எல்லாமே நிறம் தெரிந்த ஒருவன் எழுதிய பதில்கள். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது கஸ்பாரின் கண் இருக்கலாம். பெரியநாயகம் இன்னும் அங்கேதான் நிற்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.