சிலுவையின் வள்ளத்தில் தேவகனியின் பெயர்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எழுபத்தாறு வயதில் பொய் சொல்லி என்ன கட்டிக்கொண்டு போகப் போகிறேன்? கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில், பக்கத்து நாற்காலிக்காரர்கள் இருவரிடமிருந்து. வாய் மரத்துப்போயிருந்ததால் குறுக்கே பேச முடியவில்லை. அதனால்தான் முழுதாகக் கேட்டேன்.

2

'வடசேரிச் சந்தைக்குப் பின்னால் சூரியன் மெல்ல…' (இல்லை. அங்கே லாரிதான் வரும்.)

'கலை என்பது யாதெனில்…' (எனக்கே கொட்டாவி வருகிறது.)

நேராகவே சொல்கிறேன். தேவகனி கடைப் பலகை எழுதுகிறவள். இருபது வருடம் ஊரார் பெயரை எழுதியவள், முதல்முறையாகத் தன் பெயரை எழுதினாள்: பழைய தார்ப்பாயில் வரைந்த சந்தைப் படத்தின் அடியில், ஒரு முழ நீளத்துக்கு.*

* குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

3

வடசேரியில் ஒரு காலிக் கிடங்கு. தேவகனியையும் சேர்த்து மூவர் நடத்தும் கண்காட்சி. இனயம் கடற்கரையிலிருந்து வந்த சிலுவை, உப்பை இறுக்கி ஆளுயரத்தில் ஒரு வள்ளம், அதாவது மீன்பிடிப் படகு, செய்திருந்தான். பிரீனா மழையையும் இடியையும் பதிவுசெய்து நான்கு ஒலிபெருக்கிகளில் விடுகிறவள். உப்பையும் மழையையும் ஒரே கூரைக்குள் விட்டது யாருடைய யோசனை என்று கேட்டேன். வாய் மரத்திருந்ததால் கதை சொன்னவர்களுக்குக் கேள்வி புரியவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மதியம். வள்ளத்தின் பக்கத்தில் சிலுவை கண்ணயர்ந்திருந்தான். பிரீனா சத்தத்தைச் சோதித்துப் பார்த்தாள். ஒலிபெருக்கிகளில் இடி இடித்து மழை கொட்டியது. அவன் பதறி எழுந்து, கைக்கு அகப்பட்ட தார்ப்பாயை உருவி வள்ளத்தின் மேல் போர்த்தி, காற்று தூக்கிவிடாதபடி நாலு பக்கமும் அழுத்தினான்.

[சிலுவை இவ்வளவு அவசரக்காரனா? எனக்கும் சந்தேகம்தான். கதைக்கு வேண்டியிருக்கிறது.]

டீ குடித்துவிட்டு வந்த தேவகனி தார்ப்பாயை உரித்தாள். பெயிண்ட் காய்ந்திருக்கவில்லை. சந்தைப் பெண்கள் அத்தனை பேரும் கத்தரிக்காய்க் கூடையோடு வள்ளத்தில் ஏறியிருந்தார்கள். தார்ப்பாயில் மிச்சம் ஒரு தராசுதான். வள்ளத்தின் விலாவில், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறி, அவள் பெயர்.

4

"ஏலே, வெளிய எட்டிப் பாத்தியா?"

"உப்பு நனையிற நேரத்துல எவன் எட்டிப் பாப்பான் அக்கா?"

சிலுவை உளியை எடுத்தான்.

"என்ன செய்யப் போற?"

"பேர மட்டும் சொரண்டுகேன். எனக்க வள்ளம்லா."

"இருவது வருசத்துல எனக்க பேரு இப்பதான் ஒரு எடத்துல நிக்குது."

"அது எனக்க வள்ளத்துக்க மேல நிக்குதே அக்கா."

"பெண்ணுவள வச்சுக்கிடுவ, பேர சொரண்டுவியா?"

"இடி என்னுதாக்கும்," என்றாள் பிரீனா. "அத ஒருத்தரும் சொல்லல."

5

முடிவு ஒன்று: சிலுவை சுரண்டுகிறான். பெயரோடு உப்பும் உதிர்ந்து, வள்ளத்தில் ஒரு முழ ஓட்டை விழுகிறது.

முடிவு இரண்டு: மூவர் பெயரையும் சேர்த்து… (இவ்வளவு நல்லவர்களை நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். சிலுவை 'தே'யின் மேல் உளியை வைத்தான், எடுத்தான், அவளிடமே நீட்டினான். "எனக்குக் கை வரல. நீயே சொரண்டுக்கா."

அவளும் வாங்கிக்கொண்டாள். அவள் என்ன செய்தாள் என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். எனக்கு அதைச் சொல்லும் துணிவு இல்லை.

கண்காட்சி அடுத்த மாதம் பதினான்காம் தேதிதான். அதற்கு முந்தின நாள் இன்னும் வரவே இல்லை.